உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

தாமிர் ஆற்றங்கரைக் குளிர்கால முகாம்,
மாட்டு வருடம், குளிர்காலத்தின் இடை மாதம்.

அன்பு மகன் தம்தினுக்கு அம்மா எழுதுவது. உடம்புக்குச் சுகமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த ஏரிக்காற்று உன் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்கிறதா. இங்கே நானும் உன் அப்பாவும் தங்கையும் உயிரும் உடம்புமாக இருக்கிறோம், ஆடுகள் நல்ல கொழுப்போடு குளிருக்குள் இறங்கியிருக்கின்றன, பனி இன்னும் புல்லை மூடவில்லை, அந்த மட்டில் குறையில்லை.

கையெழுத்தைப் பார்த்ததும் உனக்குத் திக்கென்று இருந்திருக்கும். இத்தனை வருடமாக நான் சொல்லச் சொல்ல உன் பல்தான் மாமாதான் உனக்கு எழுதினார், இது என் கை. போன குளிர்காலத்தில் பெரியவர்களுக்கு என்று நடந்த வகுப்பில் உட்கார்ந்து கற்றுக்கொண்ட எழுத்து, மேலிருந்து நேராக ஆரம்பிக்கிறேன், கீழே வருவதற்குள் வரி நொண்டி ஆடு மாதிரி ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது, பொறுத்துக்கொள். மாமா ஏன் எழுதவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. இதை நான் தபாலில் போடவில்லை. ஹொர்லோ அக்காவின் மருமகன் கம்பளி ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டி உன் ஊர் வரை லாரி ஓட்டுகிறான் அல்லவா, அவன் பூட்ஸுக்குள் வைத்துக் கொண்டுவந்து தருவான். பக்கத்தில் யாரும் இல்லாதபோது படி, படித்ததும் அடுப்பில் போட்டுவிடு, பெட்டியில் வைத்துக்கொள்ளாதே.

உன் அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, கரடிக் கொழுப்பு தடவினால் போய்விடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தடவிக்கொண்டு கூடாரம் முழுக்க நாற்றம் பிடிக்க வைத்தார், வலி போகவில்லை, நாய்தான் அவர் காலை விட்டு நகர மாட்டேன் என்கிறது. உனக்கு ஒட்டக முடியில் காலுறை பின்னி இந்தப் பையனிடமே கொடுத்திருக்கிறேன், ஈர பூட்ஸோடு வகுப்பில் உட்காராதே. மாட்டு வைத்தியம் படிக்கிறவனுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஈரம் முதலில் காலில்தான் ஏறும்.

நீ எல்லை தாண்டிப் படிக்கப் போனபோது நம் பக்கத்தில் பள்ளிக்கூடம் என்று ஒன்று இல்லை, மடத்தில் லாமாவாக இருந்த மாமாவிடம் எழுத்துக் கற்றவன் என்பதால்தான் உன்னைத் தேர்ந்தெடுத்தார்கள். போன வருடம் இலையுதிர் காலத்தில் அரசாங்கம் மடத்தின் தெற்கு மண்டபத்தை எடுத்துப் பள்ளிக்கூடமாக்கியது. அங்கிருந்த புத்தர்களை வடக்கு மண்டபத்துக்கு மாற்றச் சொன்னார்கள், லாமாக்களே தோளில் சுமந்து மாற்றினார்கள், வாசலுக்கு மேலே சிவப்புத் துணி கட்டியாயிற்று. இனி சின்னப் பையன்களை மடத்தில் விடக்கூடாது, பையனோ பெண்ணோ இங்கேதான் விட வேண்டும் என்று சட்டம். ஒருத்தருக்கும் பிள்ளையை அனுப்ப மனசில்லை. அங்கே போன பிள்ளைகளை வடக்கே கொண்டுபோய்விடுவார்கள், திரும்பி வராது என்று பேச்சு, உன் பேரைத்தான் உதாரணமாகச் சொன்னார்கள். ஹொர்லோ அக்கா தன் மகள் முகத்தில் மாவைக் குழைத்துப் பொட்டுப் பொட்டாக வைத்து, அம்மை என்று படுக்கப் போட்டுவிட்டாள். ஆள் எடுக்க வந்த அதிகாரி ஒரு பொட்டை விரலால் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்து, "அம்மை நல்ல ருசியா இருக்கே அக்கா, கொஞ்சம் உப்பு மட்டும் பத்தலை" என்று சொல்லிப் பேரை எழுதிக்கொண்டு போனார். உன் அப்பா தங்கை யஞ்ஜிமாவை அனுப்ப முடியாது என்று அடியோடு மறுத்துவிட்டார், "எனக்கு இருக்கறதே ரெண்டு. ஒண்ணைக் குடுத்தாச்சு, இதையும் கேட்டா நான் யாரோட சோறு திங்கறது" என்றார்.

அவரை வழிக்குக் கொண்டுவந்தது உன் மாமாதான், அதை நீ நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒட்டகத்தில் ஏறி எங்கள் முகாமுக்கு வந்து உப்புத் தேநீர் குடித்துக்கொண்டே, "மாப்பிள்ளை, வீணை வச்சிருக்கற கல்வித் தெய்வத்தோட பேரை இவளுக்கு வச்சது நான். அந்தப் பேரை வச்சுட்டு இவளை வறட்டி பொறுக்க விட்டா எனக்கில்ல கேவலம்" என்றார். அங்கே புத்தர் பேரைச் சொல்லித்தர மாட்டார்களே மச்சான் என்று அப்பா கேட்டதற்கு, "அதை நான் சொல்லித்தர்றேன். எனக்குக் கணக்கு வராது, அதை அவங்க சொல்லித்தரட்டும். ஆளுக்குப் பாதி" என்று சிரித்தார். பள்ளிக்கூடத்துக்கு வந்தவள் துல்மா என்று ஒரு சின்னப் பெண், உலான்பாத்தரிலிருந்து வந்தாள், கூந்தலைக் கழுத்தோடு வெட்டியவள், குதிரை ஏறத் தெரியாது, நாய் குரைத்தால் மாட்டுவண்டியில் ஏறி நின்றுகொள்வாள். எழுதப் பலகை இல்லை என்று அவள் முழித்தபோது மடத்துப் பையன்களின் சாம்பல் பலகைகளை, கொழுப்புத் தடவிச் சாம்பல் தூவிக் குச்சியால் எழுதுவார்களே அதுதான், கட்டாகக் கட்டிக் கொடுத்தனுப்பியவர் மாமா. அடுப்புக்கு வறட்டியும் அவர்தான் அனுப்பினார். பூமி உருண்டை என்று அவள் பிள்ளைகளுக்குச் சொல்கிறாளாம் என்று மற்ற லாமாக்கள் கொதித்தபோது, "உருண்டையா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்பா, அந்தப் பொண்ணு குளிர்ல விறைக்கறா, வறட்டி போய்ச் சேர்ந்துச்சா அதைச் சொல்லு" என்றாராம்.

உன் தங்கையைப் பற்றி என்ன சொல்ல. எழுத்தை மாமா முன்பே சொல்லிக்கொடுத்திருந்தார், ஒரே குளிர்காலத்தில் வாசிப்பில் எல்லாரையும் தாண்டிவிட்டாள். தேயிலைக் கட்டி சுற்றி வந்த தாளைக்கூட விடமாட்டாள். அப்பா ஆடு எண்ணும்போது பக்கத்தில் நின்று செய்தித்தாளை உரக்க வாசிப்பாள், அவர் எண்ணிக்கை தப்பி மறுபடி முதலிலிருந்து எண்ணுவார், ஆனால் நிறுத்து என்று ஒருநாளும் சொன்னதில்லை. நான் வகுப்பில் எழுதியதை வாங்கிப் பார்த்து, "அம்மா, நீ எழுதியிருக்கறது ஆட்டுக்குட்டி இல்ல, கொதிகெண்டி" என்று சொல்லித் திருத்தினாள். எனக்குக் கோபம் வரவில்லை, இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றோமே என்றுதான் இருந்தது.

கோடை முடிந்து புல் பழுக்க ஆரம்பித்ததிலிருந்து காற்றே சரியில்லை. மேற்கே பெரிய மடத்துக்குத் துணி போர்த்திய லாரிகள் போனதை மேய்ச்சலுக்குப் போனவர்கள் பார்த்தார்கள், திரும்பி வரும்போது துணிக்குக் கீழே பூட்ஸ் காலும் செருப்புக் காலும் வரிசையாகத் தெரிந்ததாம், சத்தமே இல்லையாம். நம் மடத்துத் தலைமை லாமாவைக் கூட்டம் என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள். வயசானவர், இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்துத்தான் ஏற்ற வேண்டியிருந்தது, இன்னும் திரும்பவில்லை, எந்தக் கூட்டமும் இவ்வளவு நாள் நடக்காது. காலையில் சங்கு ஊதுகிற சத்தம் நின்றது. சத்தம் கேட்டு எழுந்து பழகிய மாடுகள்கூட ஒரு மாதிரி மிரண்டு நின்றன, இது என் மனப்பிரமையாகவும் இருக்கலாம். அரசாங்கக் காவல்துறையின் பச்சைத் தொப்பிக்காரர்கள் வந்து லாமாக்களை மேல், நடு, கீழ் என்று பிரித்தார்கள், கீழ் என்றால் அங்கி மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம், பாடம் சொல்லிக்கொடுக்கிறவர் என்பதால் மாமாவை நடுவில் போட்டார்கள். நடுவில் இருப்பவர்களுக்கு லாரி வந்த அன்று அவர் ஒரு சாவு வீட்டில் ஓதப் போயிருந்தார். திரும்பி வந்தவர் மடம் வெறிச்சென்று கிடந்ததைப் பார்த்துவிட்டு நேராக நம் முகாமுக்கு நடந்து வந்தார்.

உன் பழைய நீல அங்கியைக் கொடுத்தேன். இடுப்புத் துணியை எப்படிக் கட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை தம்தின், ஐந்து வயதிலிருந்து காவித்துணியிலேயே இருந்தவர், அப்பா குழந்தைக்குக் கட்டுவது மாதிரி கட்டிவிட்டார். அதன் பிறகு ஆடு மேய்த்தார். அக்கம்பக்கத்துக் கூடாரங்களுக்கெல்லாம் தெரியும், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. யஞ்ஜிமாவிடம் மட்டும், யாராவது கேட்டால் லாமா என்று சொல்லாதே, ஆடு மேய்க்கிற மாமா என்று சொல் என்று சொல்லிவைத்தோம். சரி என்றாள். அது போதும் என்று நினைத்துவிட்டோம்.

ஆற்றில் முதல் பனிக்கட்டி மிதந்த சமயம் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கார் வந்தது. தோல்கோட்டுப் போட்ட ஒருவர் இறங்கிப் பிள்ளைகளுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்தாராம். சத்தம் போடவில்லை, மிரட்டவில்லை, நல்ல மனிதராகத்தான் சிரித்துப் பேசியிருக்கிறார். யார் நன்றாக வாசிப்பீர்கள் என்று கேட்க எல்லாப் பிள்ளைகளும் உன் தங்கையைக் காட்டியிருக்கின்றன. தலைநகரத்துச் செய்தித்தாளை நீட்டினார், இவள் எங்கேயும் தட்டாமல் முழுப் பக்கத்தையும் வாசித்தாள். "அடேயப்பா, உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார். துல்மா உடனே முன்னால் வந்து, "நான்தான் சொல்லிக்கொடுத்தேன்" என்றாளாம். யஞ்ஜிமாவுக்கு அது பொறுக்கவில்லை. எழுந்து நின்று, "இல்ல டீச்சர், நீங்க வர்றதுக்கு முன்னாடியே எங்க மாமா சொல்லிக்குடுத்துட்டார். இப்ப எங்க வீட்டுலதான் ஆடு மேய்க்கறார்" என்று சொல்லியிருக்கிறாள். நாங்கள் சொல்லிக்கொடுத்த வார்த்தை ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆடு மேய்க்கிறவர் இவ்வளவு அழகாக எழுத்துச் சொல்லித்தருவாரா என்று அவர் சிரித்துத் தலையைத் தடவிவிட்டு, சட்டைப்பையிலிருந்து சர்க்கரைக் கட்டி எடுத்துக் கொடுத்தாராம்.

அந்தச் சர்க்கரையை அவள் தின்னவில்லை. கையுறைக்குள் வைத்துக் கொண்டுவந்து வீட்டில் எல்லாருக்கும் உடைத்துக் கொடுத்தாள், இருப்பதில் பெரிய துண்டை மாமாவின் தேநீரில் போட்டாள். அவர் குடித்துக்கொண்டே, ஏது சர்க்கரை என்று கேட்டார். இவள் பெருமையாக ஆரம்பத்திலிருந்து கடைசி வரை சொன்னாள். உன் அப்பா கையில் இருந்த சேணவாரைக் கீழே வைத்தார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றேன், திரும்பினால் முகத்தில் தெரிந்துவிடும். மாமா கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, "நல்லா வாசிச்சியா? நிறுத்தற இடத்துல நிறுத்தினியா, இல்ல வழக்கம்போல ஓட்டமா ஓடினியா?" என்று கேட்டார். நிறுத்தினேன் மாமா என்றாள். "அப்ப சரி. என் பேரைக் காப்பாத்திட்ட" என்றார்.

மறுநாள் மதியம், குதிரை ஏறத் தெரியாத அந்தத் துல்மா குதிரையில் வந்தாள். சேணத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் பனி ஒட்டி, இறங்கத் தெரியாமல் விழுந்தாள். நல்லவேளை யஞ்ஜிமா ஆட்டுக்குப் போயிருந்தாள். "ஐயா, இன்னைக்கே போயிடுங்க, எங்கயாவது போயிடுங்க, நாளைக்கு வர்றாங்க" என்று மாமாவின் காலைப் பிடித்து அழுதாள். அவர் அவளைத் தூக்கி உட்கார வைத்துத் தேநீர் கொடுக்கச் சொன்னார். "எங்க போறது பொண்ணே? நான் ஓடினா இந்த வீட்டு ஆம்பளையைக் கேட்பாங்க. லாரி இங்க வந்தா குழந்தை பார்க்கும். பார்த்தா புரிஞ்சுக்கும், அது ரொம்பப் புத்திசாலி" என்றார். பிறகு என்னிடம் பெட்டியில் வைத்திருந்த காவித்துணியை எடுத்துத் தரச் சொன்னார். நான் மாட்டேன் என்று பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டேன். "செவெல்மா, எழுந்திரு. போறது போறேன், எனக்குக் கட்டத் தெரிஞ்ச துணியைக் கட்டிக்கிட்டுப் போறேனே" என்றார். எழுந்துவிட்டேன் தம்தின்.

அவராகவே வட்ட அலுவலகத்துக்குப் போனார். இவர்களுக்கு என்னைத் தெரியாது, வழிப்போக்கன் என்று இடம் கொடுத்தார்கள், குழந்தை பெரியவர்களை எல்லாம் மாமா என்றுதான் கூப்பிடும் என்று சொல்லப்போகிறேன், நீங்களும் அதையே சொல்லுங்கள் என்றார். குழந்தையிடம் எதுவும் சொல்லாதீர்கள், பள்ளிக்கூடத்தை நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள், கேட்காவிட்டாலும் நிறுத்தாதீர்கள் என்றார். அப்பா கணவாய்க் கற்குவியல் வரை கூடப் போனார். இரண்டு பேரும் வழிப்பயணத்துக்கு வேண்டிக்கொண்டு கல் வைத்துச் சுற்றி வந்தார்களாம். அங்கிருந்து மாமா குதிரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கி நடந்தாராம், குதிரையை அங்கே கொண்டுபோனால் அதையும் எடுத்துக்கொள்வார்கள் என்று சொன்னாராம். அப்பா இரண்டு குதிரையோடு திரும்பி வந்தார்.

அவரைப் பற்றி அப்புறம் தகவல் இல்லை. கேட்கவும் முடியாது. ஹொர்லோ அக்கா ஒன்று கேள்விப்பட்டாள், அதை நான் எழுதப்போவதில்லை, எழுதினால் நம்பிவிடுவேன். துல்மாவையும் கூட்டம் என்று கூட்டிப்போய்விட்டார்கள், நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டார்களாம். அவள் கம்பளிப் போர்வையும் சீப்பும் பள்ளிக்கூடத்து அறையிலேயே கிடக்கின்றன, யாரும் தொடவில்லை. யஞ்ஜிமாவுக்கு நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை, மாமா தூரத்து மேய்ச்சலுக்குப் போயிருக்கிறார் என்று வைத்திருந்தோம். ஆனால் ஹொர்லோ அக்காவின் மகள் ஏதோ சண்டையில், "உன் வாய்தானே உங்க மாமாவை லாரியில ஏத்துச்சு" என்று சொல்லிவிட்டாள். பெரியவர்கள் பேசுவதைப் பிள்ளைகள் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. அன்று வந்து அவள் அழவில்லை. சாப்பிட்டாள், கன்றைக் கட்டினாள். அன்றிலிருந்து உரக்க வாசிப்பதை நிறுத்திவிட்டாள். உன் அப்பா வேண்டுமென்றே செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் உட்கார்ந்தார், இவள் வந்து நேராகத் திருப்பிக் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிடலாம் என்றார் அப்பா. நான்தான் கூடாது என்றேன், என் அண்ணன், உன் மாமா, சொல்லிவிட்டுப் போனதும் அதுதான், பயமும் அதுதான், எது எவ்வளவு என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. போன வாரம் புது வாத்தியார் வந்தார், ஆண், இடுப்பில் பெல்ட் போட்டவர். வந்த முதல் நாளே பிள்ளைகளை ஒவ்வொருவராக நிறுத்தி, உனக்கு எழுத்து யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டாராம். இப்படிக் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். துல்மா டீச்சர் என்று சொல்லாதே, மாமா என்று சொல்லாதே, அரசாங்கப் பள்ளிக்கூடம் என்று சொல் என்று நாள்தோறும் ஆட்டுப்பட்டியில் வைத்துச் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருந்தேன். கன்றுக்குப் பால் மறக்கடிக்கிற மாதிரிதான் அதுவும். தலையாட்டிக்கொண்டே கேட்டாள். அங்கே போய் அவள் அதையும் சொல்லவில்லை. ஹொர்லோ அக்காவின் மகளே ஓடிவந்து என்னிடம் சொல்லி அழுதாள். வாத்தியார் கேட்டதும் உன் தங்கை தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. யாரும் சொல்லிக்குடுக்கலை" என்றாளாம். அவர் செய்தித்தாளை நீட்டினாராம். தலைகீழாகப் பிடித்தாளாம்.

இப்போது அவளைப் புதிதாகச் சேர்ந்த பொடிசுகளோடு முன்வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். தினமும் போகிறாள், நாங்கள் கேட்டால் நன்றாக இருக்கிறது என்கிறாள். நேற்று வறட்டி கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். சாம்பல் பலகையில் முதல் எழுத்தை எழுதுகிறாள், வேண்டுமென்றே கோணலாக எழுதுகிறாள், வாத்தியார் கையைப் பிடித்துத் திருத்துகிறார், மறுபடி கோணலாக எழுதுகிறாள். என்னைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி குனிந்துகொண்டாள். இதை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை தம்தின்.

நீயும் அவரிடம்தான் எழுத்துக் கற்றாய், அது அங்கே யாருக்காவது தெரிந்திருக்குமா என்று யோசித்துப் பார். உறவுக்காரர்கள் யார் யார் என்று கேட்டால் அம்மா, அப்பா, தங்கை, அவ்வளவுதான். மடத்தைப் பற்றி யாரோடும் வாதம் வேண்டாம், குடித்துவிட்டு நண்பர்களோடு பழைய கதை பேசாதே. வெள்ளை மாதப் புத்தாண்டுக்கு வீட்டுக்கு வராதே, உன் பங்கு பணியாரத்தைத் தட்டில் அடுக்கி வைத்துவிட்டு நாங்களே சாப்பிட்டுக்கொள்கிறோம், நல்ல காலம் வந்தால் ஆள் அனுப்புகிறேன், அதுவரை நீயாகக் கிளம்பாதே. நன்றாகப் படி. படிப்பின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, உன் மாமாவுக்கும் இருந்ததில்லை.

புத்தம், தருமம், சங்கம் என்ற மும்மணிகளின் அருள் உன்னைக் காக்கட்டும், உன் வழி வெள்ளையாக இருக்கட்டும், ஆயுசு நீளட்டும், போகிற இடமெல்லாம் உனக்குச் சூடான அடுப்பு கிடைக்கட்டும். யஞ்ஜிமாவுக்குப் படம் போட்ட புத்தகம் வாங்கி வைத்திருப்பதாக எழுதியிருந்தாயே, அதை அனுப்பாதே. உன்னிடமே இருக்கட்டும். வந்தால் அவள் திறந்துவிடுவாள்.

இப்படிக்கு,
உன்னை நினைத்தபடி இருக்கும் அம்மா
செவெல்மா